பத்தமடைப் பாய்க்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: பத்தமடையில் எங்கள் உம்மாவும் சாச்சியும் கோரைப்பாய் நெய்கிறார்கள். வியாபாரி தருகிற காசு கோரைக்கும் நூலுக்குமே சரியாகிவிடுகிறது. தறியைக் கழற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: தறியைக் கழற்ற வேண்டாம். சாதாரணப் பாய் நெய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். கரூர், முசிறிப் பக்கத்து விசைத்தறிப் பாயோடும், தெருவில் கூவி விற்கிற பிளாஸ்டிக் பாயோடும் விலையில் மோதி ஜெயிக்க முடியாது. உங்கள் ஊர்க் கைக்கே வருவது 100 முதல் 140 கவுண்ட் (பாவு நூல் எண்ணிக்கை) வரை போகும் பட்டுப்பாய், அதாவது பட்டுப்போல் மெல்லிய கோரைப்பாய். சாச்சிக்கு அந்தக் கை இருந்தால் அதுதான் முதலீடு.

பட்டுப்பாயின் தரம் தறிக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. கீறிக் காயவைத்த கோரையை ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, உப்பியதும் உள்ளிருக்கும் சோற்றை (பஞ்சு போன்ற சதையை) வழித்து, மறுபடி இழை இழையாகக் கீறுவார்கள். அவசரத்தில் சரியாகக் காயாத கோரையைத் தறியில் ஏற்றினால் பாய் பூசணம் பிடித்துத் திரும்பி வரும். இந்தக் கீறும் வேலைக்கு யாரும் கூலி போடுவதில்லை, நஷ்டம் ஆரம்பிப்பதே அங்கேதான்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். கீறியது, சாயம் தோய்த்தது, நெய்தது என எல்லா நாளையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு இரண்டு பேர் 20 நாள், ஆளுக்கு 400 ரூபாய் என்றால் கூலி மட்டும் 16,000. அதற்கு மேல்தான் கோரை, நூல், சாயம். அதற்குக் கீழே கேட்கிற வியாபாரியிடம் ‘கட்டாது’ என்று சொல்ல உம்மாவுக்கு அந்த நோட்டு தைரியம் தரும்.

அப்புறம் காகித வேலை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஊருக்குக் கிடைத்தது உங்கள் வீட்டுக்குத் தானாக வந்துவிடாது. அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமைக்கு, அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். கைவினைஞர் அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள், அரசுக் கண்காட்சிகளில் கடை கேட்கும்போது கைகொடுக்கும். கடன் கடைசியில் பார்க்கலாம். ஆர்டர் இல்லாமல் கடன் வாங்கிப் பாய் அடுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆர்டர் எங்கே? கல்யாண வீட்டில். மணமக்கள் பெயர் நெய்த பாய்க்கு இன்றும் ஆள் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்று நெய்து, தறியில் அது வளர்வதை நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். பெயரை மட்டும் அவர்கள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ‘ஷ’வா ‘ஸ’வா என்று பாதிப் பாயில் சந்தேகம் வந்தால் பிரித்து நெய்ய வேண்டியது சாச்சிதான்.