ஏ.சி. கேள்வி பதில்: மண்டபத்துக்கு ஏது ஞாயிறு, திங்கள்?

கேள்வி: சேலத்தில் கல்யாண மண்டபம் பார்த்துக்கொள்கிறேன். நான்கு டக்டபிள் யூனிட் (குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பெரிய ஏ.சி.). கம்பெனிக்காரர்கள் தெர்மோஸ்டாட்டில் காலை 9 முதல் இரவு 10 வரை என்று டைமர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். விடியற்காலை முகூர்த்தம் என்றால் மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கல்யாணமே இல்லாத நாளில் காலி மண்டபம் ஜில்லென்று கிடக்கிறது. டைமரையே எடுத்துவிடட்டுமா?
(மேலாளர், அம்மாபேட்டை)

பதில்: எடுக்காதீர்கள் சார், திருப்பிப் போடுங்கள். உங்களுக்குப் போட்டிருப்பது ஆபீஸ் டைமர். திங்கள் முதல் சனி வரை ஒரே மாதிரி ஆள் வந்து போகிற இடத்துக்கு அது சரி. மண்டபத்துக்கு ஏது ஞாயிறு, திங்கள்? பஞ்சாங்கம்தான் டைமர். அதனால் ஏழு நாளையும் முதலில் ஆளில்லாத நாளாகவே வைத்துவிடுங்கள், மெனுவில் ‘அன்ஆக்குபைட்’ என்று இருக்கும், அதற்கு 30 டிகிரிக்கு மேல் ஒரு அளவு கொடுங்கள். அப்புறம் புக்கிங் ஆன தேதிகளை மட்டும் ‘எக்ஸெப்ஷன்’ அல்லது ‘ஹாலிடே’ என்ற இடத்தில் தனியாக ஏற்றுங்கள். ஹாலிடே என்றால் லீவு நாள்தானே என்று பயப்பட வேண்டாம், வழக்கத்துக்கு மாறான நாள் என்றுதான் அதற்குப் பொருள், அன்றைக்கு ஓடு என்றும் சொல்லலாம். புக்கிங் நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே இதையும் ஏற்றுவது நல்லது. ஆடியும் மார்கழியும் வந்தால் அவருக்கு வேலையே இல்லை.

எத்தனை மணிக்கு எழுப்புவது என்று கேட்பீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூடு வாங்கி, ராத்திரி வரை கக்கிக்கொண்டே இருக்கும். மாலை 6:30 வரவேற்புக்கு 4 மணிக்கே ஆரம்பித்தால்தான் ஆகும். காலை 6 மணி முகூர்த்தத்துக்கு 5 மணி போதும், தளம் அதற்குள் ஆறியிருக்கும். சில கன்ட்ரோலர்களில் இதைத் தானே கணக்குப் போடும் ‘ஆப்டிமம் ஸ்டார்ட்’ வசதி உண்டு, ஆனால் தினமும் ஒரே மாதிரி ஓடுகிற கட்டடத்தில்தான் அது உருப்படியாகக் கற்றுக்கொள்ளும், உங்கள் மண்டபத்தில் குழம்பிப்போகும். நான்கு யூனிட்டையும் ஒரே நிமிடத்தில் எழுப்பினால் ஒரேயடியாகக் கரண்ட் இழுக்கும், ஐந்து ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது அந்த அருமை தெரியும்.

வெளிக்காற்றை உள்ளே விடும் கதவான டேம்பரை கார்பன்-டை-ஆக்சைடு சென்சாரோடு இணைத்திருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். வெளிக்காற்றில் அந்த வாயு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுமாராக இருக்கும், கூட்டம் நிறைந்தால் ஆயிரத்தைத் தாண்டும், டேம்பர் திறக்கும். எல்லாம் சரி, ஆனால் ஹோமப் புகை சென்சாரின் கண்ணில் படாது, அது எண்ணுவது அந்த வாயுவை மட்டும்தான். ஐயர் சமித்து போட ஆரம்பித்ததும் எக்ஸாஸ்டை கையால் போட்டுவிட வேண்டியதுதான். சென்சாரை மணமேடைப் பக்கம் மாட்டாதீர்கள், அக்னிக்கு அருகில் அது கண்டபடி காட்டும்.

கேள்வி: எங்கள் கணக்கு ஆபீசில் ஆள் இருந்தால் மட்டும் ஓடுகிற மாதிரி சென்சார் வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து கையை ஆட்டினால்தான் ஏ.சி. நிற்காமல் ஓடுகிறது!
(சாரதா கல்லூரி சாலை)

பதில்: ஆடிட் சீசனில் அசையாமல் கணக்குப் பார்த்திருப்பீர்கள். உங்களுடையது பிஐஆர் சென்சார், சூடான உடம்பு நகர்ந்தால்தான் அதற்குத் தெரியும், உட்கார்ந்து டைப் அடிக்கிறவர் அதன் கணக்கில் இல்லை. அதிலும் மே மாதம் சுவரே உடம்புச் சூட்டை நெருங்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இன்னும் திணறும். அசைவு தெரியாவிட்டால் அது காத்திருக்கும் நேரத்தை முப்பது நிமிடமாக ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், ஆள் இல்லை என்றதும் யூனிட்டை நிறுத்தச் சொல்லாமல் இரண்டு டிகிரி மட்டும் ஏற்றச் சொல்லுங்கள், தப்பாக நினைத்தாலும் யாரும் வேகமாட்டார்கள். புதிதாக வாங்குவதானால் ரேடார் வகை வாங்கலாம், மூச்சு விடுகிற அசைவே அதற்குப் போதும்.

கேள்வி: 9 மணிக்கு ஆன், 6 மணிக்கு ஆஃப் போட்டிருக்கிறோம். மதியம் இரண்டரைக்குத்தான் ஓட ஆரம்பிக்கிறது, ராத்திரி பதினொன்றரை வரை ஓடுகிறது.
(ஐந்து ரோடு)

பதில்: ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகிறது, பார்த்தீர்களா? கன்ட்ரோலர் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. டைம் ஸோனில் பிளஸ் 5:30 கொடுங்கள். சிரிக்காதீர்கள், இதே கோளாறுக்கு நான் ஒரு ஆபீசில் இரண்டு நாள் ரிலேயும் போர்டும் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏற்காட்டில் சின்ன ஹோட்டல். மார்கழி, தையில் ஹீட்டிங் போட்டால் ரிமோட்டில் 24 காட்டுகிறது, விருந்தினர் குளிருகிறது என்று கம்பளி கேட்கிறார்கள். மெக்கானிக் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கேஸ் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதில்: அவர் சொன்னது உண்மைதான், கேஸில் குறை இல்லை. உங்களுடையது கூரையில் பதிக்கும் கேசட் யூனிட், அதன் சென்சார் கூரையில், திரும்பும் காற்று வழியில் இருக்கிறது. சூடான காற்று மேலே போய் அங்கேயே நிற்கும், யூனிட் ‘அறை சூடாகிவிட்டது’ என்று நின்றுவிடும், கீழே கட்டிலில் இருப்பவர் நடுங்குவார். குளிர்விக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. இரண்டு வழி உண்டு. சுவரில் ஒயர் ரிமோட் இருந்தால் அதில் உள்ள சென்சாரைப் பயன்படுத்தச் சொல்லி செட்டிங்கை மாற்றலாம், ரிமோட் தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில், வெயில் விழாத உள்சுவரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டிங்குக்கு மட்டும், நீங்கள் வைத்த அளவோடு இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் கணக்கிடும் ஆஃப்செட் கொடுக்கலாம். ஹீட்டிங், கூலிங் இரண்டும் ஆட்டோவில் இருந்தால் இரண்டின் அளவுக்கும் நடுவில் மூன்று டிகிரியாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பகலில் கொஞ்சம் வெயில் வந்ததும் யூனிட் குளிர்விக்கக் கிளம்பிவிடும்.

மழைக்காலத்தில் மூடுபனி உள்ளே வருகிற அறைகளுக்கு ஒன்று. ஃபேனை ‘ஆன்’ என்று வைக்காமல் ‘ஆட்டோ’வில் வையுங்கள். கூலிங்கில் கம்பிரஸர் நின்ற பிறகும் ஃபேன் சுற்றினால், காயிலில் (யூனிட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில்) படிந்த ஈரத்தை அது திரும்ப அறைக்குள்ளேயே ஊதும். போர்வை பிசுபிசுக்கிறது என்ற புகாரில் பாதி இதுதான்.

கேள்வி: வெளி வெப்பத்தைக் காட்டும் சென்சாரை மாற்றினோம். 25 டிகிரியில் சரியாகக் காட்டுகிறது, 35 இருக்கும்போது 36 என்கிறது. சென்சார் போலியா?
(ஓமலூர்)

பதில்: போலி இல்லை தம்பி, வகை மாறிவிட்டது. 10கே தெர்மிஸ்டரில் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்) டைப் 2, டைப் 3 என்று இரண்டு உண்டு, இரண்டுமே 25 டிகிரியில் பத்தாயிரம் ஓம்தான், அதைத் தாண்டினால் பாதை பிரிந்துவிடும். நீங்கள் மாட்டியது டைப் 2, கன்ட்ரோலர் டைப் 3 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது போல. மெனுவில் வகையை மாற்றுங்கள், கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.