டாஸுக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள்: ஐ.பி.எல் ஃபேன்டசி கேள்வி பதில்

ஃபேன்டசி என்றால், நிஜ ஆட்டத்தில் மோதும் இரு அணிகளிலிருந்தும் வீரர்களைப் பொறுக்கி நாமே ஒரு கற்பனை டீம் போடுவது; அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. நம் நண்பர்கள் லீக்கின் விதி: 100 கிரெடிட்டுக்குள் (ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கிரெடிட் விலை) 11 பேர், ஒரே அணியிலிருந்து 7 பேருக்கு மேல் கூடாது. ரன்னுக்கு 1, கேட்சுக்கு 8, விக்கெட்டுக்கு 25. டக் அவுட் ஆனால் 2 கழியும். கேப்டனுக்கு இரட்டிப்பு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு.

கே: அண்ணா, முதல் நாளே டீம் போட்டுவிடலாமா?

ப: போடுங்கள். ஆனால் டாஸ் முடிந்ததும் கட்டாயம் திறந்து பாருங்கள். முதல் பந்துக்கு அரை மணி நேரம் இருக்கும். வெளியே உட்கார்ந்திருப்பவருக்குப் புள்ளி கிடையாது.

கே: நான் எடுத்த பவுலர் ஆடும் 11-இல் இல்லை. தூக்கிவிடவா?

ப: அவசரப்படாதீர்கள். 2023-இல் இம்பாக்ட் பிளேயர் விதி (ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு, மாற்று வீரர் ஐவரில் ஒருவரை இறக்கலாம்) வந்ததிலிருந்து, அணிப் பட்டியலை டாஸுக்குப் பிறகுதான் முடிவு செய்கிறார்கள். முதலில் பேட்டிங் என்றால் ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாகச் சேர்த்து, பவுலரை மாற்று ஐவரில் வைப்பார்கள். அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே சென்னை, ராயுடு பேட் செய்த பிறகு அவருக்குப் பதில் துஷார் தேஷ்பாண்டேயை இறக்கியது. அதனால் யார் முதலில் பேட்டிங் என்று பாருங்கள். உங்கள் பவுலர் வெளிநாட்டவர், 11-இலும் ஏற்கெனவே 4 வெளிநாட்டவர் என்றால் அவர் இறங்கவே முடியாது. அப்போது தூக்கிவிடுங்கள்.

கே: 7–4 நல்லதா, 6–5 நல்லதா?

ப: பெரும்பாலும் 6–5.

கே: தோனியை கேப்டன் ஆக்கலாமா?

ப: வேண்டாம். எத்தனை பந்து ஆடுவார் என்பதுதான் கணக்கு. 2024-இல் தர்மசாலாவில் ஒன்பதாவதாக வந்து முதல் பந்திலேயே ஹர்ஷல் படேலிடம் போல்டானார். மட்டையில் −2, கேப்டன் என்றால் −4. அதே ஆட்டத்தில் ஜடேஜா 43 ரன், 3 விக்கெட். அதுவே 118, இரட்டித்தால் 236.

கே: ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அதே சீசனில் வான்கடேயில் 4 பந்தில் 20, விசாகப்பட்டினத்தில் 16 பந்தில் 37. கீப்பர் கேட்சும் உண்டே!

ப: அந்த இரண்டு நாளும் நானும் எழுந்து நின்று கத்தியவன்தான். ஆனாலும் அந்த 20, இரட்டித்தாலும் 40. ஒரு பவுலர் 2 விக்கெட் எடுத்தாலே 50. டீமில் வையுங்கள், கேப்டன் பட்டம் வேறொருவருக்கு. ஓப்பனிங் ஆடி நாலு ஓவரும் போடுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். 2024-இல் கொல்கத்தாவின் சுனில் நரைன் 488 ரன், 17 விக்கெட்.

கே: ரசிகன் மனசு கேட்காதே அண்ணா?

ப: வைஸ் கேப்டன் ஆக்குங்கள். அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

கே: டீமை எப்போது இறுதி செய்வது?

ப: டாஸுக்குப் பிறகு. முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பணம் கட்டி ஆட நல்ல ஆப் சொல்லுங்கள்.

ப: சொல்ல மாட்டேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்தவே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. அதையும் மீறி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், தம்பி.

கே: மாலை 6 மணிக்கே டீம் போட்டுவிட்டேன், போதுமா?

ப: ஆட்டம் 7.30-க்கு. டாஸ் 7 மணிக்கு.