உங்க வண்டி கேரவன இழுக்குமா? பெங்களூரு வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பெங்களூருல இருந்து வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயத்த சுத்தித்தான் இருக்கு, "என் வண்டிக்கு பின்னாடி கேரவன் மாட்டலாமா?"ன்னு. கேரவன்னா இங்க கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற சக்கர வீடு. எல்லாரும் ஹெச்பி சொல்றீங்க, டார்க் சொல்றீங்க, வண்டியோட வெயிட்ட மட்டும் யாருமே சொல்லல. அதனால பதில் பூரா கொஞ்சம் கணக்காத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

கே.ஆர்.புரத்துல இருந்து ஒரு வாசகர்: சார், என்கிட்ட 7 சீட்டர் டீசல் எஸ்யூவி இருக்கு, நல்ல டார்க். 1200 கிலோ கேரவன் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. வீட்டுல பெரியவங்க நாலு பேர், குழந்தைங்க ரெண்டு. தாராளமா இழுக்கும்ல?

இழுக்கும் சார், அதுல சந்தேகமே இல்ல. டீசல் எஞ்சினுக்கு இதெல்லாம் பெரிய பாரம் கிடையாது. ஆனா உங்க வண்டி அந்த பாரத்த தாங்குமா, நிறுத்துமான்றதுதான் பாக்கணும், அது எஞ்சின்ல இல்ல.

முதல்ல அந்த 1200ஐ மறந்துடுங்க, அது காலி வெயிட். தண்ணி டேங்க்ல 80 லிட்டர் ஊத்துனா 80 கிலோ, அப்புறம் பேட்டரி, சிலிண்டர், மெத்தை, பாத்திரம், வெளிய விரிக்கிற கூடாரத்துணி, சேர்னு ஏத்த ஏத்த 1400க்கு வந்து நிக்கும். கணக்கு 1400க்குத்தான் போடணும்.

இப்ப வண்டி. நீங்க மாடல் சொல்லல, அதனால உதாரணத்துக்கு ஆளும் சாமானும் ஏத்தாத வண்டியோட சொந்த வெயிட், அதாவது கெர்ப் வெயிட் 1950, வண்டிய ஃபுல்லா ஏத்துனா அதிகபட்சம் இருக்கலாம்னு கம்பெனி சொல்ற கிராஸ் வெயிட் 2510னு வெச்சுக்குவோம், உங்க வண்டி நம்பர மேனுவல்ல பாத்து மாத்திக்குங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 560 கிலோ, இதுதான் நீங்க ஏத்திக்கக்கூடிய மொத்த பாரம். பெரியவங்க நாலு பேர் ஆளுக்கு 70 போட்டா 280, குழந்தைங்க ரெண்டும் சேந்து 60, டிக்கில லக்கேஜ் 80, கேரவன் மாட்ட கார் பின்னாடி போடுற இரும்பு டோ பார் மட்டுமே 30 கிலோ வரும். ஆக 450 போச்சு, மிச்சம் 110.

அந்த 110க்குள்ளதான் கேரவனோட மூக்கு உங்க டோ பார் நுனில இருக்குற டோ பால்ங்கிற உருண்டை மேல அமுக்குற வெயிட் அடங்கணும். நோஸ் வெயிட்னு சொல்றது அதத்தான். ஐரோப்பால டிரெய்லர் வெயிட்ல 5ல இருந்து 7 சதவீதம் வெப்பாங்க, அமெரிக்காவுல 10ல இருந்து 15. 1400ல 7 சதவீதம்னா 98 கிலோ, தப்பிச்சோம், ஆனா கைல 12 கிலோதான் மிச்சம். 10 சதவீதம்னா 140, அப்ப 30 கிலோ ஓவர். இதுக்கு மேல மாமியாரும் கூட வர்றாங்கன்னா கதை முடிஞ்சுது. டோ பால்ல எவ்வளவு அமுக்கலாம்னு தனியா ஒரு லிமிட் வேற இருக்கும், நிறைய வண்டிக்கு அது 75, 100ன்னு ஏதாவது ஒரு நம்பர்ல நிக்கும், அதையும் தாண்டக்கூடாது.

பாருங்க, புதுசா ஓட்டுறவங்க கேரவன் வெயிட்ட வண்டியோட கெர்ப் வெயிட்ல 85 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கணும்னு இங்கிலாந்துல ஒரு பழைய கணக்கு சொல்லுவாங்க, அந்தப்படி உங்களுக்கு 1657 கிலோ வரைக்கும் ஓகே. அதுல ஈஸியா பாஸ் ஆகுற வண்டிதான் ஏத்துற பாரத்துல மாட்டிக்குது. ஃபேமிலியோட போறவங்களுக்கு எல்லாம் இங்கதான் இடிக்கும், எஞ்சின்ல இல்ல.

என் யோசனை, அந்த கேரவன விடுங்க, இல்ல ரெண்டு பேர் தனியா இன்னொரு வண்டில வரட்டும்.

எலக்ட்ரானிக் சிட்டி: அண்ணே, என் ஜிம்னி ஆஸ்திரேலியாவுல 1300 கிலோ இழுக்குதுன்னு போட்டிருக்கான். அப்ப இங்கயும் இழுக்கலாம்தானே?

தம்பி, அந்த 1300 டிரெய்லர்ல தனியா பிரேக் இருந்தா மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதே ஊர்ல அதே வண்டிக்கு 350 கிலோதான். இந்த ரெண்டாவது நம்பர யாரும் பாக்குறதில்ல. நம்ம ஊர்ல பட்டறைல அடிச்சு தர்ற சின்ன டிரெய்லர் நிறைய பிரேக் இல்லாமத்தான் வருது, அத மாட்டிட்டு 1300னு நெனச்சு ஓட்டுனா லிமிட்ட போல கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகிடும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி நம்பர் சும்மா வர்றதில்ல. அமெரிக்காவுல எஸ்ஏஇ ஜே2807னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அரிசோனால டேவிஸ் டேம்ங்கிற நீளமான ஏத்தத்துல ஏசிய ஃபுல்லா போட்டு டிரெய்லரோட ஏத்தி பாப்பாங்க, 12 சதவீத சரிவுல நிறுத்தி மறுபடி மறுபடி கிளப்புவாங்க. ரேடியேட்டர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் அந்த நாட்டு மாடல்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் அந்த நம்பர். பேர் ஒண்ணா இருந்தா பார்ட்ஸும் ஒண்ணா இருக்கும்னு அர்த்தமில்ல. உன் வண்டியோட வந்த இந்திய மேனுவல எடு, டிரெய்லர் பத்தின பக்கத்த பாரு. நம்பர் போட்டிருந்தா அதுதான் உனக்கு. இழுக்காதீங்கன்னு போட்டிருந்தா இழுக்காத. ஒண்ணுமே போடலன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கு, ஷோரூம் சேல்ஸ் பையன் வாயால சொல்றது செல்லாது.

ஜாலஹள்ளி: எங்க வீட்டுக்காரர் கேரவன்ல சாமான் பூரா பின்பக்கம் அடுக்குறார், "முன்னாடி லேசா இருந்தாத்தான் கார் மேல பாரம் விழாது"ன்னு. ஆனா 80 தொட்டா பின்னாடி வால் ஆடுற மாதிரி இருக்கு. பயமா இருக்கு சார்.

மேடம், நீங்க பயப்படுறதுதான் சரி. அவர்கிட்ட இந்த பதில அப்படியே காட்டுங்க.

கேரவன் ஆக்ஸிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு பின்னாடி பாரம் ஏற ஏற மூக்கு லேசாகும், மூக்கு லேசாச்சுன்னா காரோட பின்பக்கத்த கேரவன் ஆட்ட ஆரம்பிக்கும். மெதுவா போனா தெரியாது. ஸ்பீடு ஏற ஏற அந்த ஆட்டம் தானா அடங்குறது குறைஞ்சுகிட்டே வந்து, ஒரு ஸ்பீடுக்கு மேல ஒவ்வொரு ஆட்டமும் முந்தினத விட பெருசாகும். அப்ப ஸ்டியரிங்க எதிர்ல திருப்பி சரி பண்ண பாத்தா நம்ம கை எப்பவும் ஒரு நொடி லேட்டாத்தான் போகும், அது ஆட்டத்த இன்னும் ஏத்தி விடும். மைசூரு எக்ஸ்பிரஸ்வேல பெரிய பஸ் ஒண்ணு பக்கத்துல உரசுன மாதிரி தாண்டிப் போனாலே போதும், அந்த காத்து தள்ளுறதுல ஆரம்பிச்சுடும்.

வீட்டுலயே அளக்கலாம். பாத்ரூம் தராசு ஒண்ணு எடுங்க, 150 கிலோ காட்டுற டிஜிட்டல் தராசு. கார்ல டோ பால் தரைல இருந்து எவ்வளவு உயரம்னு டேப் வெச்சு அளந்துக்குங்க, 45 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். தராசோட உயரத்த கழிச்சு அந்த அளவுக்கு ஒரு கட்டைய அறுத்து, தராசு மேல நிக்க வெச்சு, கேரவனோட கப்ளர, அதாவது டோ பால் மேல மாட்டுற முன் கொண்டிய அது மேல இறக்குங்க. மூக்க தாங்குற குட்டி சக்கரம், ஜாக்கி வீல், தரைய தொடக்கூடாது, கேரவன் மட்டமா நிக்கணும், சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வெச்சிருக்கணும். தராசு என்ன காட்டுதோ அதான் நோஸ் வெயிட். சாமான் எல்லாம் ஏத்தி, தண்ணி ஊத்தி, ஊருக்கு கிளம்புற மாதிரியே வெச்சு அளக்கணும், காலியா அளந்து பிரயோஜனமில்ல. தண்ணி டேங்க் எங்க இருக்குன்னு பாருங்க, பின்னாடி இருந்தா அது நிறைஞ்சா ஒரு நம்பர், காலியானா ஒரு நம்பர், ரெண்டையும் எழுதி வெச்சுக்குங்க.

கனமான சாமான் எல்லாம் ஆக்ஸிலுக்கு நேர் மேல, தரையோட ஒட்டி. லேசானது முன்னயும் பின்னயும். மேல இருக்குற அலமாரில துணி மட்டும். நோஸ் வெயிட் 7 சதவீதத்துக்கு பக்கத்துல வரவரைக்கும் மாத்தி மாத்தி அடுக்குங்க, அரை நாள் வேலைதான்.

அப்படியும் ரோட்ல ஆட ஆரம்பிச்சா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்துடுங்க, ஸ்டியரிங்க நேரா கெட்டியா பிடிங்க, பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க. கேரவன்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்து கார்ல கன்ட்ரோலர் இருந்தா, அந்த கன்ட்ரோலர்ல இருந்து கேரவன் பிரேக்க மட்டும் கையால அமுக்குங்க, பின்னாடி இருந்து இழுத்து பிடிச்ச மாதிரி நேராகிடும். ஸ்பீடு ஏத்தி நேராக்கலாம்னு சில பேர் சொல்லுவாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க. அடுக்கி முடிக்கிற வரைக்கும் 70க்கு மேல அவர போக விடாதீங்க.

கம்மனஹள்ளி: சேலத்துக்கு, அங்க இருந்து ஏற்காட்டுக்கு கேரவனோட போகலாம்னு பிளான். ஏத்தத்துல வண்டி திணறுமா?

ஏத்தத்த விட எனக்கு இறக்கம்தான் கவலை. பெங்களூருல இருந்து சேலம் போறப்ப தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வரும், நமக்கு அது இறங்குற பக்கம். லோடு லாரி பிரேக் பிடிக்காம எத்தனை தடவ முன்னாடி நின்ன கார் மேல ஏறியிருக்குன்னு சேலம் பக்கம் போயிட்டு வர்ற எல்லாருக்கும் தெரியும். உங்க காரும் கேரவனும் சேந்து மூணரை டன் கிட்ட வரும், அத பூரா பிரேக்லயே பிடிச்சு இறக்குனா பேடு சூடாகி பெடல் மெத்துனு ஆகிடும், மிதிச்சா மிதிச்ச இடத்துல நிக்காது.

இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியர குறைங்க, நடுவுல குறைக்கலாம்னு விடாதீங்க. ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கு மாத்தி மூணாவதுல பூட்டிடுங்க. எஞ்சின் சத்தம் போடட்டும், போடணும். பிரேக்க தொட்டுகிட்டே வராம, கொஞ்சம் அழுத்தி ஸ்பீட குறைச்சுட்டு விட்டுடுங்க, ஆற விடுங்க. உங்க கேரவன்ல கார் மெதுவானதும் கேரவனே முன்னாடி தள்ளி பிடிக்குற ஓவர்ரன் பிரேக் இருந்தா, இறக்கம் பூரா அது லேசா பிடிச்சுகிட்டே வரும், கீழ வந்ததும் இறங்கி கேரவன் வீல் பக்கம் கைய காட்டி பாருங்க, அனல் அடிச்சா அரை மணி நேரம் நின்னுட்டு போங்க.

ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி. கேரவன் சக்கரம் கார் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டிகிட்டு வரும், அதனால ஒவ்வொரு வளைவுலயும் எதிர் வண்டி பாதைய பிடிச்சு திரும்ப வேண்டியிருக்கும். முதல் தடவ கேரவன் ஓட்டுறவங்க அத சேலத்துலயே நிறுத்திட்டு கார்ல மட்டும் மேல போறது நல்லது. மசினகுடியில இருந்து ஊட்டி ஏறுற கல்லட்டி ரோடு, 36 வளைவு, அத கேட்கவே வேண்டாம், கூடலூர் வழிதான்.

இந்திராநகர்: எலக்ட்ரிக் காருல மாட்டலாமா? டார்க் தாறுமாறா இருக்கே.

இழுக்கலாம்னு கம்பெனி நம்பர் கொடுத்திருந்தா மட்டும். நம்பர் இருந்தாலும் ரேஞ்ச் பாதிக்கு பக்கத்துல இறங்கிடும், அதுக்கு வெயிட்ட விட கேரவனோட அகலமான முகரை காத்த கிழிக்கிறதுதான் பெரிய காரணம். சார்ஜிங் ஸ்டேஷன்ல கேரவன கழட்டாம உள்ள போக முடியாத இடம்தான் ஜாஸ்தி, அதையும் யோசிச்சுக்குங்க.

விவேக் நகர்: கேரவன் மாட்டுனா கார் பின்னாடி உக்காந்துடுது. ஹெல்பர் ஸ்பிரிங் போட்டா சரியாகுமா?

எக்ஸ்ட்ராவா ஸ்பிரிங் போட்டா பாக்க சரியாகும். வண்டியோட லிமிட் ஒரு கிலோ கூட ஏறாது.

ஏன் உக்காருதுன்னு பாருங்க. டோ பால் பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடி இருக்கு, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடு தூரம், அதாவது வீல்பேஸ் 2.7 மீட்டர்னா, 100 கிலோ நோஸ் வெயிட் பின் ஆக்ஸில் மேல 144 கிலோவா விழும், முன் ஆக்ஸில்ல இருந்து 44 கிலோவ தூக்கிடும். சீசா பலகை மாதிரித்தான். முன் டயர்லதான் ஸ்டியரிங், பிரேக்லயும் பெரிய பங்கு முன்னாடிதான், அங்க பிடிப்பு குறையுது. அதனால முதல்ல டிக்கி சாமான கேரவன் ஆக்ஸில் மேலயோ பின் சீட்டு காலடிலயோ மாத்துங்க, நோஸ் வெயிட்ட அளங்க, அப்புறமும் உக்காந்தா கேரவன் உங்க வண்டிக்கு பெருசு. பின் டயர்ல எழுதியிருக்குற லோடு இண்டெக்ஸையும் பாத்துடுங்க, 100னா ஒரு டயருக்கு 800 கிலோ, 104னா 900.

ஓசூர் ரோடு: ஜே.சி. ரோடு பக்கம் டோ பார் வெல்டிங் பண்ணி கம்மில தர்றாங்க. ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ஏதாவது பிரச்சனை வருமா?

சேசிஸ்ல வெல்டிங் வேண்டவே வேண்டாம் சார். கம்பெனி கொடுத்த போல்ட் பாயின்ட்ல மாட்டுற, எவ்வளவு இழுக்கலாம், எவ்வளவு அமுக்கலாம்னு தகடு அடிச்சு வர்ற பாரா இருக்கணும். மோனோகாக் பாடில தனி சேசிஸே கிடையாது, அங்க கண்ட இடத்துல ஓட்டை போட்டு மாட்டுனா தகடு கிழியும். பம்பர்ல திருகுற டோயிங் ஹூக், பழுதான வண்டிய கொஞ்ச தூரம் இழுக்கத்தான், அதுல டிரெய்லர் மாட்டக்கூடாது.

சட்டப்படி மோட்டார் வாகன சட்டம் 1988ல மோட்டார் வாகனம்ங்கிறதுக்குள்ளயே டிரெய்லரும் வருது, அதனால கேரவனுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், நம்பர் பிளேட் வேணும். செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க ஆர்.சி. இல்லாத கேரவன விலை கம்மின்னு வாங்காதீங்க. 52வது பிரிவு ஆர்.சி.ல இருக்குறதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, அதனால டோ பார் போடுறதுக்கு முன்னாடி ஆர்டிஓல கேட்டுடுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுத்துல சொல்லி, பாலிசில டிரெய்லரையும் சேத்து எழுதி (எண்டோர்ஸ்மென்ட்) வாங்குங்க. சொல்லாம மாட்டிட்டு போய் ஒரு பைக்காரர் மேல கேரவன் மோதிடுச்சுன்னா கிளெய்ம் சமயத்துல சண்டை வரும், பாவம் அடிபட்டவருக்கும் பணம் லேட்டாகும்.

சேஃப்டி செயின் ரெண்டும் கப்ளருக்கு கீழ குறுக்க போட்டு மாட்டுங்க, கப்ளர் கழண்டா மூக்கு ரோட்ல குத்தாம செயின் மேல விழும்.

ஹலசூரு: கேரவன் டயர் நல்லா பட்டனோட இருக்கு, மாத்தணுமா?

பட்டன பாக்காதீங்க, தேதிய பாருங்க. சைடுல நாலு நம்பர் இருக்கும், 2317னா 2017ல 23வது வாரம். கேரவன் வருஷம் பூரா ஒரே இடத்துல வெயில்ல நிக்குறது, தேயுறதுக்கு முன்னாடியே ரப்பர்ல விரிசல் விட்டுடும். ஆறு வருஷம் தாண்டுனா மாத்திடுங்க.

நெறைய பேர்: இந்த வெயிட்ட எல்லாம் எங்க போய் போடுறது?

லாரி நிக்குற ஏரியாவுல எல்லாம் வண்டிய ஏத்தி எடை போடுற வே பிரிட்ஜ் இருக்கு, பீன்யா பக்கம், நெலமங்களா ரோட்ல, ஓசூர் ரோட்ல கண்ணுக்கு தெரியும். லாரி கூட்டம் இல்லாத நேரமா போங்க. முதல்ல கேரவன் இல்லாம, குடும்பத்தோட லக்கேஜோட கார மட்டும் ஏத்துங்க. அப்புறம் கேரவன மாட்டி, கார் சக்கரம் மட்டும் மேடைல, கேரவன் சக்கரம் வெளிய இருக்குற மாதிரி நிறுத்துங்க, கழட்டாதீங்க. இந்த ரெண்டாவது நம்பர்ல இருந்து முதல் நம்பர கழிச்சா நோஸ் வெயிட், பெரிய மேடைல பத்து இருபது கிலோ முன்ன பின்ன காட்டும், அதனால இதுக்கு வீட்டு தராசுதான் துல்லியம். கார் கிராஸ் வெயிட்டுக்குள்ள இருக்கான்னு பாக்க வேண்டியது அந்த ரெண்டாவது நம்பர்லதான். கடைசியா முழுசா ஏத்துனா ரெண்டும் சேந்த மொத்தம், அத மேனுவல்ல இருக்குற கம்பைண்ட் வெயிட்டோட ஒப்பிடுங்க. கேரவன் வாங்குறதுக்கு முன்னாடியே விக்கிறவர கூட்டிட்டு போய் இத செய்யுங்க, மாட்டேன்னு சொன்னா வேற கேரவன் பாருங்க.