ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு முன்

'இன்றைய சமுதாயத்தில் ஒழுக்க மதிப்பீடுகள் மாறிவருவதை ஒரு கிறிஸ்தவராக எப்படிப் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா மாற்றத்தையும் சீரழிவு என்று என்னால் சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் வாசித்தும் நாங்கள் கைக்கொள்ளாத வசனங்களுக்கு எங்களைக் கீழ்ப்படிய வைத்தவை சில மாற்றங்கள்தான்.

சொத்துரிமையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். கோட்டயத்தின் மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை சென்று இதை எதிர்த்தார். அந்தச் சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது என்று 1986இல் தீர்ப்பு வந்தது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உறுதியானது. அந்தத் தீர்ப்புக்கு எதிரான குரல் திருச்சபைகளுக்குள்ளிருந்தே எழுந்தது. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று தகப்பனுடைய காணியாட்சியை, அதாவது நிலப் பங்கை, கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொல்கிறார். அவர்களுக்குச் சகோதரன் இல்லை, அதனால்தான் கிடைத்தது என்று எங்கள் குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் வாதிடுவார்கள். அப்படியானால் 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை என்ன செய்வது? குமரி 1949 வரை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண்; அந்தப் பழைய சட்டத்தின் வழக்கம் இங்கும் ஊறியிருக்கிறது. ஸ்ரீதனம் கொடுத்தாயிற்றே, பிறகு பங்கு எதற்கு என்ற கேள்வி விசுவாசமுள்ள வீடுகளில் இப்போதும் காதில் விழுகிறது.

கவலை தரும் மாற்றங்களும் இல்லாமல் இல்லை. பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு ஆலயக் கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை மாற்கு 7இல் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அரிதாகிவிட்டது. ஆனால் இளைஞர்களின் உடையைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத மாதம் இல்லை.

சபைக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். திருமண ஓலையை, அதாவது ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பை, வாசிப்பதற்கு முன் ஆயர் இரு வீட்டாரையும் உட்காரவைத்து, ஸ்ரீதனம் பேசப்பட்டதா, பெண்ணின் பங்கு பத்திரத்தில் இருக்கிறதா, இரு பக்கத்துப் பெற்றோரையும் யார் பார்த்துக்கொள்வது என்று நேராகக் கேட்க வேண்டும். பதில் சரியில்லையென்றால் அந்த ஞாயிறு ஓலை வாசிக்கக் கூடாது.