மேல் காந்தாரத்தில் உடையும் ஆண்குரல்

கேள்வி: எனக்கு வயது 26. மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய C) மேல் ஷட்ஜம் வரை குரல் கணீரென்று நிற்கிறது. காந்தாரம், மத்தியமம் என்று ஏறும்போது உடைகிறது, அல்லது மெலிந்து கள்ளக்குரலாகிவிடுகிறது. இன்னும் பலமாகப் பாடிப் பழகினால் பெல்ட்டிங் (மேல் சுரங்களையும் நெஞ்சுக்குரல்போலக் கணீரென்று ஓங்கிப் பாடுவது) வருமா?

பதில்: பலத்தைக் கூட்டினால் வராது, உடைவதற்குக் காரணமே அந்தப் பலம்தான். ஒரு கட்டையில் மேல் அந்தர காந்தாரம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 330 அதிர்வுகள். பெரும்பாலான ஆண்குரல்கள் நெஞ்சுக்குரலிலிருந்து மெல்லிய குரலுக்குத் திரும்புகிற இடம் அதையொட்டியே இருக்கிறது. கனத்த குரலுக்குச் சற்று முன்னதாக ரிஷபத்திலேயே வந்துவிடும்.

குரல்நாணுக்குள் இருக்கும் தசை அதைக் குறுக்கித் தடிமனாக்குகிறது. குரல்வளையின் முன்புறத் தசை அதை இழுத்து மெலிதாக்குகிறது. முன்னது ஓங்கியிருந்தால் நெஞ்சுக்குரல். மேலே ஏற ஏற இரண்டாவதற்குச் சிறிது சிறிதாக இடம்விட வேண்டியிருக்க, நீங்கள் தடிமனையும் விடாமல் மூச்சையும் தள்ளுவதால், உள்தசை ஒரு கட்டத்தில் சட்டென்று கைவிட்டு, நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும் கள்ளக்குரல் பிறக்கிறது.

நல்ல பெல்ட்டிங்கில் நாண் கீழ்ச் சுரங்களில் இருப்பதைவிடச் சற்று மெலிந்திருக்கும், ஆனால் ஒவ்வோர் அதிர்விலும் இறுக்கமாக மூடும். மீதி வேலையை வாய் செய்கிறது. 330 அதிர்வுள்ள சுரத்தோடு அதன் இரண்டாம் மடங்கான 660-உம் சேர்ந்தே ஒலிக்கும். அகலத் திறந்த 'ஆ'வின் ஒத்ததிர்வு சுமார் 700 என்பதால் வாயே அந்த ஒலியைப் பெருக்கித் தருகிறது. 'ஈ'க்கு அது 300 அளவில்தான், 660-க்கு அந்த உதவி கிடைக்காது. ஆகவே 'நீ' என்ற சொல் அந்தச் சுரத்தில் விழுந்தால், தாடையை இறக்கி 'எ'கரத்தின் பக்கம் சற்றே சாய்த்துப் பாடுங்கள். கேட்பவர் காதில் 'நீ' என்றே விழும். உச்ச ஸ்தாயிக்குப் பெயர்பெற்ற நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) இசைத்தட்டுகளைக் கேட்டுப்பாருங்கள். என் காதுக்கு அங்கே பருமனைவிடக் கூர்மையே முந்தி நிற்கிறது.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, அதன் வழியே குரலெழுப்பி, மத்திய ஷட்ஜத்திலிருந்து மேல் மத்தியமம் வரை மெல்ல வழுக்கிச் சென்று திரும்புங்கள். பிறகு எதிர்வீட்டாரைக் கூப்பிடுவதுபோல 'ஏய்' என்று மேல் ஷட்ஜத்தில் அழைத்து, முகவாயைத் தூக்காமல், அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறுங்கள். இது பழகும்வரை கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவரிடம் சொல்லி அரைக் கட்டை இறக்கிக்கொள்வதில் குறைவில்லை.

மறுநாள் காலை குரல் கம்மியிருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் காட்டிவிட்டுத்தான் மீண்டும் பாட வேண்டும்.