“அக்கா போக மிச்சம்தானே எனக்கு?”

கேள்வி:

மேடம், நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான். மூத்த மகளை மெட்ரிக் பள்ளியில் போட்டோம். நகையை அடகு வைத்து இன்ஜினீயரிங்கும் படிக்க வைத்தோம். முதல் பட்டதாரிச் சலுகையும் அவளுக்கே போனது. ஒருத்தி மேலே வந்துவிட்டால் மற்ற இரண்டையும் தூக்கிவிடுவாள் என்பதுதான் எங்கள் நினைப்பு. மகனையும் சின்னவளையும் ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்த்தோம், கையில் பணமில்லை.

மகன் இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறான். நல்ல மார்க். அவனும் இன்ஜினீயரிங் கேட்கிறான். பக்கத்தில் இருக்கிற கலைக் கல்லூரியில் சேரச் சொன்னதற்கு, “அக்கா போக மிச்சம்தானே எனக்கு?” என்றான். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூத்தவளைக் கேட்டால், சென்னையில் ஹாஸ்டல் செலவு போக ஒன்றும் நிற்பதில்லை என்கிறாள். ஒரு பிள்ளையோடு நிறுத்தியிருக்கலாமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் இறக்கி வையுங்கள். ஒரே சம்பளத்தை மூன்றாகப் பிரித்தால் பங்கு சிறுத்துத்தான் போகும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜூடித் பிளேக் 1981இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் 2005இல் வந்த நார்வே ஆய்வொன்றில், பிறந்த வரிசையையும் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் எண்ணிக்கையால் படிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னால் பிறந்தவர்கள்தான் குறைவாகப் படித்திருந்தார்கள். படிப்புச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் நாடு அது. அதனால் மூன்று பெற்றதை நினைத்து மருகாதீர்கள். இரண்டாவதாக நிற்பவனுக்கு வெளியிலிருந்து என்ன கிடைக்கும் என்று பாருங்கள்.

கிடைக்கும், சகோதரி. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. நாளைக் காலையிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி தவறிவிடக் கூடாது.

இடம் கிடைத்தாலும் அவன் மனசு உடனே ஆறாது. பணம் குறைந்ததைவிட, தன்னை ஒரு பேச்சுக் கேட்காமலே இவனுக்கு இது போதும் என்று வீட்டில் முடிவு செய்ததுதான் அவனை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. அவனை உட்கார வைத்து வீட்டுக் கணக்கை மறைக்காமல் காட்டுங்கள்: வருமானம் எவ்வளவு, நகைக் கடனில் பாக்கி எவ்வளவு, அக்காவுக்குச் செலவானது எவ்வளவு. “உனக்கு அந்த அளவு செய்ய முடியவில்லை, அது எங்களுக்கும் வருத்தம்தான்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். “எல்லாரையும் ஒரே மாதிரித்தானே வளர்த்தோம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மையில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மூத்தவள் விஷயத்தில் நான் அவள் பக்கம். தம்பி, தங்கையைத் தூக்கிவிடுவாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவளிடம் அப்போதே சொன்னதாக எழுதவில்லை. அவளால் மாதம் என்ன முடியும் என்று கேளுங்கள். ஆயிரம் என்றால் ஆயிரம், இப்போது முடியாது என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் தரவில்லை என்ற குறையைத் தம்பி காதில் போடவே வேண்டாம். இன்றைக்கு உங்கள் மேல் இருக்கும் கோபம் நாளைக்கு அக்கா மேல் திரும்பிவிடும்.

சின்னவளுக்கும் இதே ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அதனால் பிளஸ் டூ வரை அவளைப் பள்ளி மாற்றிவிடாதீர்கள்.

கணவர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து மகனிடம் பேச உட்காருங்கள். வருத்தமாக இருக்கிறது என்பதை அவன் அப்பா வாயாலும் கேட்க வேண்டும்.