ஸ்காட்லாந்துல குடும்பம் இன்னும் குடியிருக்கிற கோட்டையைக் காசு குடுத்துப் பார்க்கலாமா?

எடின்பரோ கோட்டை பார்த்தாச்சு, டிரக்வேர் ஹவுஸ்ங்கிற பழைய மாளிகைக்கும் போகச் சொல்றாங்க, ஆனா அடுத்தவங்க குடியிருக்கிற வீட்டைக் காசு குடுத்துப் பார்க்கிறதுல என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க. ஊர்லருந்து வர்ற அம்மா அப்பாவை கூட்டிட்டுப் போறதுக்காகத்தான் கேக்கறீங்கன்னு நெனைச்சு எழுதறேன், ஏன்னா போன வருஷம் நானும் இதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன்.

கண்டிப்பா போங்க. பேர்ல ஹவுஸ்னு இருந்தாலும் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைச் சண்டை காலத்துக் கோபுரம்தான் வளர்ந்து வீடாச்சு. 1107லருந்தே ஆள் இருக்கிற இடம், 1491லருந்து ஒரே ஸ்டூவர்ட் வம்சம், இன்னிக்கும் அவங்கதான் இருக்காங்க. அதனால மியூசியம் வாடையே இல்ல. ஸ்காட்லாந்து ராணி மேரி 1566ல கைக்குழந்தையோட வந்து தங்கினப்போ ஆட்டின தொட்டில்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. மேல கத்தோலிக்கப் பாதிரியார் ஒளிஞ்சிருந்த ரூம், அவர் தப்பிச்சு ஓடறதுக்கு ரகசியப் படிக்கட்டு. அந்த மதத்துக்குத் தடை இருந்த காலம் அது, பூசை அங்கி கூட படுக்கை விரிப்பு மாதிரி தெரியணும்னு தெச்சிருக்காங்க.

ஆனா நான் சொல்ல வந்தது எங்க அப்பாவைப் பத்தி. அவர் தச்சு ஆசாரி, நாப்பது வருஷமா கதவு ஜன்னல்தான். எடின்பரோ கோட்டைல கூட்டத்துல நின்னு நின்னு வாடிப் போயிட்டார், ஒரு வார்த்தை பேசல. இங்க ஹால்ல 1601ல செதுக்கின ஒரு ஓக் கதவு இருக்கு, வேற ஒரு மாளிகைலருந்து கொண்டு வந்தது, ஸ்காட்லாந்தோட ஒத்தைக்கொம்புக் குதிரையும் இங்கிலாந்தோட சிங்கமும் மோதற மாதிரி. அப்பா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு (தொட்டுடுவோமோன்னு பயம்) மூக்கு படற அளவுக்குக் குனிஞ்சு பார்த்துட்டே நின்னார். "உளி எங்க நின்னு திரும்பியிருக்குன்னு தெரியுதுடா"ன்னார். அங்க வேலை செய்யற வயசான அம்மா என்னன்னு கேட்டாங்க, அப்பா ஆசாரின்னு சொன்னேன். உடனே பக்கத்துல வந்து அவரோட சேர்ந்து அவங்களும் குனிஞ்சு பார்த்தாங்க. கால் மணி நேரம் ரெண்டு பேரும் கதவைக் காட்டிக் காட்டிப் பேச நான் நடுவுல மொழிபெயர்த்தேன்.

இந்த மனுஷனுக்குத்தான் முதல் தடவை விசா ரிஜெக்ட் ஆச்சு. கேள்விக்குச் சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. ஊர்ல ஒரு ஏஜெண்ட், தச்சு வேலைன்னு எழுதினா தர மாட்டாங்கன்னு பிசினஸ்னு போட்டு விட்டுட்டார், அதுக்கு ஒரு பேப்பர் கூட இல்ல, கட்டின பணமும் போச்சு. ரெண்டாவது தடவை நானே கார்பெண்டர்னு எழுதினேன், வந்துச்சு. செஞ்ச தொழிலை மறைக்கச் சொல்றவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க.

பணக்கார வீட்டுக்கு விளம்பரம் பண்றேன்னு யாராவது வருவீங்க. எனக்கு அவங்க யாரையும் தெரியாது, டிக்கெட் காசு என் பாக்கெட்லருந்துதான் போச்சு. அந்தக் கதவு விறகாகாம இத்தனை வருஷம் இருக்குன்னா அந்த வீட்ல ஆள் இருக்கிறதாலதான்னு எனக்குத் தோணுது, அவ்ளோதான்.

பொதுவா ஏப்ரல்லருந்து அக்டோபர் வரைக்கும் திறந்திருக்கும். எடின்பரோலருந்து எக்ஸ்62 பஸ்ல இன்னர்லெய்தன்ங்கிற ஊர்ல எறங்கி ட்வீட் ஆத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் நடக்கணும். படியெல்லாம் குறுகல், அம்மாவுக்கு முட்டி வலின்னா கீழ் ரூம்களும் தோட்டமும் போதும்.

வெளிய வந்ததும் கரடிச் சிலை வெச்ச பெரிய கேட்டைப் பார்க்க மறந்துடாதீங்க. 1745ல, பறிபோன பட்டத்துக்காகச் சண்டை போட்ட ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் வந்துட்டுப் போனதும் மூடினாங்களாம், ஸ்டூவர்ட் ராஜா திரும்ப பட்டத்துக்கு வந்தாத்தான் திறப்போம்னு வாக்கு குடுத்து இன்னிக்கு வரைக்கும் திறக்கல. அப்பா கம்பிக்கு நடுவுல ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ கீலுக்கு யாருடா எண்ணெய் விடறாங்க?"ன்னார். அதைக் கேக்காம வந்துட்டோம். நீங்க போனா கேட்டுச் சொல்லுங்க, அவர் இன்னும் ஃபோன்ல கேட்டுட்டு இருக்கார்.